அரண்மனை இல்லாத அரண்மனைக்காரத் தெரு: ஜார்ஜ் டவுன் எப்படி இத்தனை பேருக்கு ஊரானது?

பாரிமுனையில் பஸ்ஸை விட்டு இறங்கி என்.எஸ்.சி. போஸ் சாலையில் மேற்கே கொஞ்ச தூரம் நடந்தால், வலது கைப்பக்கம் அரண்மனைக்காரத் தெரு பிரியும். அந்தத் தெருவில் அரண்மனை கிடையாது. எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. இங்கே வந்து வாணிபம் செய்த ஆர்மீனியர்களின் பெயரால் 'ஆர்மீனியன் தெரு' என்று அழைத்தார்கள். அது நம் சனங்களின் வாயில் 'அரண்மனைக்காரன் தெரு' ஆகிவிட்டது. தெரியாத சொல்லைத் தெரிந்த சொல்லாக்கிக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

இந்த ஒரே தெருவில் கச்சாலீஸ்வரர் கோயில் இருக்கிறது. புனித மரியன்னை இணைப் பேராலயம் இருக்கிறது, அங்கேயே அந்தோணியார் திருத்தலமும் இருக்கிறது. 1772-இல் எழுந்த ஆர்மீனிய தேவாலயமும் இங்கேதான். செவ்வாய்க்கிழமை போய்ப் பாருங்கள். அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தியும் பூமாலையும் வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்பவர்களில் நெற்றியில் திருநீறும் குங்குமமுமாக எத்தனையோ பேர் இருப்பார்கள்.

'ஜார்ஜ் டவுன்' என்று எழுதுகிறோமே தவிர, சென்னையில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. பாரிஸுக்குப் போறேன், பூக்கடைக்குப் போறேன், மண்ணடியில் ஒரு வேலை, சௌகார்பேட்டையில் துணி எடுக்கணும் என்றுதான் பேச்சு. கிழக்கே துறைமுகம், மேற்கே வால்டாக்ஸ் சாலை, தெற்கே என்.எஸ்.சி. போஸ் சாலை, வடக்கே ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை. இவற்றுக்கு நடுவே குறுக்கும் நெடுக்கும் ஓடும் சந்துபொந்துகளும் தெருக்களும்தான் இந்தப் பகுதி. இதைப் பற்றி எழுதுகிறவர்கள் 'குட்டி இந்தியா' என்று இரண்டே சொல்லில் முடித்துவிடுவார்கள். எனக்கு அது போதவில்லை. இத்தனை வகை மக்கள் எதற்காக வந்தார்கள், எங்கே ஒன்றாகக் கலந்தார்கள், எங்கே பிரிந்தே இருந்தார்கள் என்று பார்த்தால்தான் இந்த ஊர் பிடிபடும். நான் பார்த்தவரை இங்கே வீடு தனி, கல்லா பொது.

இரண்டு பாஷை தெரிந்தவர்

1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனி இந்தக் கடலோர மணல் துண்டைக் கேட்டு வாங்கியது துணிக்காக. கோட்டை கட்டினால் மட்டும் துணி வந்துவிடாது. நெசவாளர் வேண்டும், சாயக்காரர் வேண்டும், வண்ணார் வேண்டும், முன்பணம் கொடுத்துச் சரக்கை வரவழைத்துத் தரும் வணிகர் வேண்டும். அவர்களை எல்லாம் அழைத்துக் கோட்டைக்கு வடக்கே குடிவைத்தார்கள். கோட்டைக்குள் வெள்ளையர் இருந்த இடம் வெள்ளையர் பட்டணம், வெளியே மற்றவர்கள் இருந்தது கறுப்பர் பட்டணம். ஆங்கிலேயர் வைத்த பெயர் அப்படித்தான் இருந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் ஐந்தாம் ஜார்ஜின் பெயர் வந்தது.

கம்பெனிக்காரனுக்குத் தமிழும் தெரியாது, தெலுங்கும் தெரியாது. நெசவாளிக்கு ஆங்கிலம் தெரியாது. நடுவில் நின்றவர் துபாஷி. இரண்டு பாஷை தெரிந்தவர் என்பதே அந்தச் சொல்லுக்கு அர்த்தம். ஆனால் அவர் வேலை மொழிபெயர்ப்போடு நிற்கவில்லை. விலை பேசினார், முன்பணத்துக்குப் பொறுப்பேற்றார், சரக்கில் குறை இருந்தால் பதில் சொன்னார். கம்பெனியின் முதல் துபாஷியாக இருந்த பேரி திம்மப்பா தொடங்கிப் பலர் இந்த வேலையில் பெரும் செல்வம் சேர்த்தார்கள். 1794-இல் இறந்த பச்சையப்ப முதலியாரும் துபாஷிதான். அவர் உயிலில் எழுதி வைத்த தர்மப் பணத்தில்தான் பச்சையப்பன் பள்ளியும் கல்லூரியும் வந்தன. என்.எஸ்.சி. போஸ் சாலையில் 1850-இல் திறந்த பச்சையப்பன் மண்டபம் இன்றும் அந்த நெரிசலுக்கு நடுவே தூண்களோடு நிற்கிறது. அப்போது அந்தச் சாலைக்குச் சைனா பஜார் என்று பெயர்.

தம்புச் செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு போன்ற பெயர்கள் கம்பெனியோடு வியாபாரம் செய்த வணிகர்களின் பெயர்கள். பேட்டைப் பெயர்களில் தெலுங்கு நன்றாகவே கேட்கும். முத்தியால்பேட்டையின் 'முத்தியால்' தெலுங்கு முத்து. பெத்தநாயக்கன்பேட்டை, ஊர்க்காவலைப் பரம்பரையாகப் பார்த்துவந்த பெத்த நாயக்கரின் பெயரால் வந்தது. 'பெத்த' என்றால் தெலுங்கில் பெரிய.

தெருவுக்குத் தெரு எல்லைக்கல்

கறுப்பர் பட்டணத்தில் எல்லோரும் அண்ணன் தம்பியாக இருந்தார்கள் என்று சொன்னால் அது பொய். வலங்கை, இடங்கை என்று சாதிகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து, எந்தத் தெருவில் யார் ஊர்வலம் போகலாம், யார் கொடி பிடிக்கலாம், எவ்வளவு பெரிய பந்தல் போடலாம் என்று அடித்துக்கொண்டார்கள். 1652-இலேயே கலகம் நடந்தது. 1707-இல் கவர்னர் தாமஸ் பிட் காலத்தில் மறுபடி மூண்டது. வேலைக்காரர்களும் வணிகர்களும் ஊரைவிட்டே வெளியேறத் தொடங்கினார்கள். கடைசியில் இடங்கையாருக்கு முத்தியால்பேட்டை, வலங்கையாருக்குப் பெத்தநாயக்கன்பேட்டை என்று பிரித்துவிட்டார்கள்.

இரண்டு பேட்டைக்கும் நடுவே ஓடிய பள்ளம் பின்னாளில் தூர்க்கப்பட்டுச் சாலையானது. அதுதான் பிராட்வே. ஸ்டீபன் பாப்ஹாம் என்பவர் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அந்த வேலையைச் செய்ததால் முதலில் பாப்ஹாம்ஸ் பிராட்வே. இன்று அது பிரகாசம் சாலை. ஆந்திர மாநிலம் 1953-இல் பிறந்தபோது அதன் முதல் முதலமைச்சரான தங்குதூரி பிரகாசத்தின் பெயர். 1928-இல் சைமன் கமிஷனை எதிர்த்துப் பாரிமுனையில் திரண்ட கூட்டத்தில் சிப்பாய்களின் துப்பாக்கிக்கு நேரே நெஞ்சைக் காட்டியவர் அவர். சென்னை யாருக்கு என்று தமிழரும் தெலுங்கரும் மல்லுக்கட்டிய காலமும் உண்டு. அப்படியிருந்தும் சென்னையின் பழைய சாதி எல்லையின் மேல் போட்ட சாலைக்கு ஒரு தெலுங்குத் தலைவரின் பெயர் அப்படியே இருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

இன்று நாம் நடக்கிற ஜார்ஜ் டவுன், பழைய கறுப்பர் பட்டணம் நின்ற அதே இடத்தில் இல்லை என்பது பலருக்குத் தெரியாது. 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள். 1749-இல் அது ஆங்கிலேயர் கைக்குத் திரும்பியது. எதிரி மறைந்து வர இடம் இருக்கக் கூடாது, பீரங்கிக்கு முன்னால் வெட்டவெளி வேண்டும் என்று கோட்டையை ஒட்டிய வீடுகளை முதலில் பிரெஞ்சுக்காரர் இடித்தார்கள், மிச்சத்தை ஆங்கிலேயர் இடித்தார்கள். பட்டணம் கோயில் என்று ஊரே கொண்டாடிய சென்னக்கேசவப் பெருமாள் கோயிலும் தப்பவில்லை. அந்த இடத்தில்தான் பின்னால், 1892-இல், உயர் நீதிமன்றக் கட்டடம் வந்தது. கோயிலுக்குப் பதிலாக வடக்கே நிலம் கொடுத்தார்கள். கம்பெனியின் துபாஷி மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் முன்னின்று கட்டிக்கொடுத்தார். பெருமாளுக்கு ஒன்று, மல்லீஸ்வரருக்கு ஒன்று. பூக்கடைக்குப் பின்னால் தேவராஜ முதலித் தெருப் பக்கம் சைவமும் வைணவமும் ஒட்டி நிற்கிற அந்த இரட்டைக் கோயில்தான் அது. 1773-இல் இந்த வெட்டவெளிக்கு எல்லை காட்ட நட்ட தூண்களில் ஒன்று பாரிமுனை டேர் ஹவுஸ் வளாகத்தில் இன்னும் இருக்கிறது.

அதே சமயத்தில் வடக்கிலும் மேற்கிலும் பெரிய மதில் எழுப்பினார்கள். அதற்கான செலவை ஊர்க்காரர்களிடம் வரியாக வாங்கத் திட்டம் போட்டார்கள். வரி வசூலாகவில்லை, 'வால் டாக்ஸ்', அதாவது மதில் வரி, என்ற பெயர் மட்டும் நின்றுவிட்டது: வால்டாக்ஸ் சாலை. மதிலின் ஒரு துண்டு பழைய ஜெயில் சாலையில் மாடிப் பூங்கா என்ற பெயரில் இருக்கிறது. கோட்டைக்குக் குடிநீர் கொடுக்க 1772 வாக்கில் தோண்டிய கிணறுகளால் ஏழுகிணறு வந்தது. ஏழுகிணறு வீராசாமித் தெருவில்தான் வள்ளலார் இளமையிலிருந்து பல ஆண்டுகள் வாழ்ந்தார். ராசப்ப செட்டித் தெருக் கந்தகோட்டத்து முருகனைச் சிறுவயதிலேயே பாடிய அவருடைய தெய்வமணிமாலையிலிருந்துதான் 'தருமமிகு சென்னை' என்ற சொல் நமக்குக் கிடைத்தது. மயிலாப்பூரையோ திருவல்லிக்கேணியையோ பார்த்துச் சொன்ன சொல் அல்ல அது. மூட்டை தூக்கிகளும் தரகர்களும் நடந்த இந்தத் தெருக்களைச் சுற்றி வந்த ஒருவர் சொன்னது.

பவளம், வைரம், அச்சகம், அடகு

யார் வந்தார்கள் என்று கேட்டால், யாருக்கு எந்தச் சரக்கு தெரியுமோ அந்தச் சரக்கோடு வந்தார்கள்.

17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் லண்டனிலிருந்து யூத வணிகர்கள் வந்தார்கள். போர்ச்சுகலை விட்டு ஓடிய குடும்பங்களின் வழி வந்தவர்கள். மத்தியதரைக் கடல் பவளத்தைக் கொண்டுவந்து கோல்கொண்டா வைரத்தை வாங்கிப் போனார்கள். பவளக்காரத் தெரு அவர்களுடைய நினைவு. 1688-இல் மதராஸ் மாநகராட்சி தொடங்கியபோது அதன் உறுப்பினர்களில் யூத வணிகர்களும் இந்து வணிகர்களும் இருந்தார்கள். வைர வியாபாரம் வேறு திசைக்குப் போனதும் அவர்களும் போய்விட்டார்கள். பிறகு அதே தெருவில் நாட்டுக்கோட்டை நகரத்தார் வந்து கடல் கடந்த வட்டிக்கடைக் கணக்கு எழுதினார்கள். ஆள் மாறினார்கள், பெயர்ப்பலகையில் பவளம் அப்படியே இருக்கிறது.

ஆர்மீனியர்களின் கதை எனக்கு இன்னும் நெருக்கமானது. சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் 1726-இல் பாலம் கட்டியவர் ஆர்மீனிய வணிகர் பெட்ரஸ் உஸ்கான். இன்று மறைமலையடிகள் பாலம் இருக்கிற இடம். பரங்கிமலைக்கு ஏறும் படிக்கட்டும் அவர் கட்டியதுதான். 1749-க்குப் பிறகு கோட்டைக்குள் இருந்த ஆர்மீனியர்களை வெளியே அனுப்பினார்கள். அதனால்தான் தேவாலயம் இந்தத் தெருவில் வந்தது. அந்தத் தேவாலயத்தின் பாதிரியார் ஹாருத்யுன் ஷ்மாவோன்யன் 1794-இல் இங்கே ஓர் இதழ் தொடங்கினார். பெயர் 'அஸ்தரார்'. உலகத்திலேயே ஆர்மீனிய மொழியில் வெளிவந்த முதல் இதழ் அதுதான். ஆர்மீனியாவில் அல்ல, நம் பாரிமுனைக்குப் பக்கத்தில் அச்சானது.

இன்று சென்னையில் ஆர்மீனியச் சமூகம் என்று சொல்ல யாரும் இல்லை. தேவாலயத்துக்குள் நுழைந்தால் தெருவின் ஹாரன் சத்தம் சட்டென்று குறையும். தரை முழுக்கக் கல்லறைக் கற்கள். நமக்குப் படிக்கத் தெரியாத எழுத்து, நடுநடுவே தராசு, மண்டையோடு என்று செதுக்கல்கள். அந்தப் பாதிரியாரின் கல்லறையில் திறந்த புத்தகம் ஒன்றைச் செதுக்கியிருக்கிறார்கள். மணிக்கூண்டில் ஆறு பெரிய மணிகள் தொங்குகின்றன. முற்றத்தில் காய்ந்த பூக்களைக் கூட்டிக்கொண்டிருந்த அம்மா, "செருப்பைக் கழட்ட வேணாம்ப்பா, ஆனா கல்லு மேல மிதிக்காம போ" என்றார்.

சௌகார்பேட்டைக்குப் பெயர் கொடுத்தது 'சௌகார்'. பணம் வைத்துத் தொழில் செய்யும் பெரிய வணிகர் என்று பொருள். குஜராத்திகள் முன்னால் வந்தார்கள், 19-ஆம் நூற்றாண்டில் ராஜஸ்தானிலிருந்து மார்வாடிகள் நிறைய வந்தார்கள். அடகு, வட்டி, துணி, நகை. நாம் எல்லோரையும் சேர்த்து 'சேட்டு' என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் குஜராத்தி வேறு, மார்வாடி வேறு. பேச்சு வேறு, கும்பிடும் முறை வேறு. சமணரிலேயே உருவத்தை வணங்குகிறவர், வணங்காதவர் என்று பிரிவுகள் உண்டு. தங்கசாலைத் தெருவில் பளிங்குச் சமணக் கோயில்கள் வரிசையாக இருக்கின்றன. தங்கசாலை என்பது 1840-களில் கம்பெனியின் நாணயச்சாலை வடகோடிக்கு இடம் மாறி வந்ததால் ஒட்டிய பெயர்.

பிராட்வேக்குக் கிழக்கே மண்ணடி. கீழக்கரை, காயல்பட்டினம் என்று தென்கடற்கரை ஊர்களிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களின் தலைநகரம் என்றே சொல்லலாம். கப்பல், கல், தோல், பிறகு கடல் கடந்த வியாபாரம். அங்கப்ப நாயக்கன் தெருவில் மஸ்ஜித் மாமூர், அதிலிருந்து கூப்பிடு தூரத்தில் தம்புச் செட்டித் தெருவில் காளிகாம்பாள். விஸ்வகர்மாக்கள் போற்றும் அம்மன் அவள். 1677-இல் சிவாஜி வந்து வணங்கினார் என்று கோயிலில் சொல்வார்கள். ரம்ஜான் மாதத்தில் மண்ணடி தூங்குவதே இல்லை. நோன்புக் கஞ்சிக்குத் தூக்குவாளியோடு வரிசையில் நிற்கிற சிறுபிள்ளைகளில் பள்ளிவாசலுக்குச் சம்பந்தமில்லாத வீட்டுப் பிள்ளைகளும் இருப்பார்கள். அவர்களை யாரும் என்ன ஏது என்று கேட்பதில்லை.

ஏன் ஒரே தெருவில் ஒரே சரக்கு?

காகிதமும் கல்யாணப் பத்திரிகையும் என்றால் ஆண்டர்சன் தெரு. மொத்தத் துணிக்குக் கோடவுன் தெரு. நாட்டுமருந்துக்கு ராசப்ப செட்டித் தெரு. கண்ணாடிக்கும் வளையலுக்கும் தேவராஜ முதலித் தெரு. பூவுக்குப் பத்ரியன் தெரு. இரும்புச் சாமான், குழாய், கயிறு எல்லாம் லிங்கிச் செட்டித் தெருவையும் செம்புதாஸ் தெருவையும் சுற்றி. ஒரே சரக்கு விற்கிற கடைகள் அடுத்தடுத்து இருந்தால் ஒன்றையொன்று சாப்பிட்டுவிடாதா என்று சின்ன வயதில் எனக்குச் சந்தேகம் இருந்தது.

காரணம் எளிது. மொத்த வியாபாரத்தில் வாங்க வருகிறவர் வெளியூர்க்காரர். காலையில் ரயிலில் வந்து இரவு ரயிலில் திரும்ப வேண்டும். ஒரே தெருவில் இருபது கடை இருந்தால் விலை கேட்டு, தரம் பார்த்து, மதியத்துக்குள் முடித்துவிடலாம். ஒரு கடையில் இல்லாத சரக்கைப் பையனை அனுப்பிப் பக்கத்துக் கடையிலிருந்து எடுத்துத் தருவார்கள், கணக்கைச் சாயங்காலம் பார்த்துக்கொள்வார்கள். பெரும்பாலும் கடன் வியாபாரம். யாருக்குக் கடன் கொடுக்கலாம், யார் இழுத்தடிப்பார் என்ற தகவல் தெருவுக்குள்ளேயே சுற்றும். சீட்டு எழுதிக் கொடுத்தால் இன்னோர் ஊரில் பணம் கைக்கு வரும் உண்டியல் முறை சௌகார்களுக்கும் நகரத்தார்க்கும் பழகிய ஒன்று. இதெல்லாம் நாணயத்தின் மேல் நடக்கிற காரியம். ஒருவன் எந்தக் கோயிலுக்குப் போகிறான் என்பதைவிட, சொன்ன தேதியில் பணம் வருகிறதா என்பதே முக்கியம். கல்லா பொது என்று நான் சொன்னது இதைத்தான்.

பெரியம்மா பையன் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்க ஆண்டர்சன் தெருவுக்குப் போயிருந்தோம். கடைக்காரர் ராஜஸ்தான் குடும்பம், தாத்தா காலத்திலிருந்து இங்கேதான். ஒரு தாளைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்தார். அப்புறம் காதருகே கொண்டுபோய் ஓர் உதறு உதறினார். "சத்தம் கேட்டீங்களாம்மா? இது மடிச்சா வெடிக்காது" என்றார் பெரியம்மாவிடம். அதற்குள் நெல்லூரிலிருந்து வந்திருந்தவரிடம் தெலுங்கில் விலை சொன்னார். பையனிடம் இந்தியில் கட்டை இறக்கச் சொன்னார். போனில் யாரிடமோ மார்வாடி. பிறகு எங்களிடம் திரும்பி, மஞ்சள் தடவுவதற்குப் பத்திரிகையின் நான்கு மூலையிலும் இடம் விடச் சொல்லவா என்று கேட்டார். எங்கள் வீட்டு வழக்கத்தை எங்களுக்கு நினைவுபடுத்தினார். பெரியம்மா அவரை முதலில் 'சேட்டு' என்று கூப்பிட்டவர், கிளம்பும்போது 'தம்பி' என்றார்.

கூப்பிடுகிற முறையைக் கவனித்தாலே இந்த ஊரின் வரைபடம் கிடைத்துவிடும். மண்ணடியில் பாய், சௌகார்பேட்டையில் சேட்டு, தெற்கத்தி மளிகைக் கடையில் அண்ணாச்சி, பழைய குடும்பங்களில் செட்டியார், முதலியார். சரக்கு ஏற்றும் மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஓட்டுகிறவர் வழிவிடச் சொல்லி 'நைனா' என்பார்; அது தெலுங்கில் அப்பா. 'டப்பு' தெலுங்கு, 'பேஜார்' பாரசீகம், 'பேமானி' உருது வழி வந்தது, 'கஸ்மாலம்' சமஸ்கிருதம். மெட்ராஸ் பாஷை கொச்சை என்று மூக்கைச் சுளிப்பவர்கள் உண்டு. எனக்கு அது இத்தனை பேரோடும் பேசிப் பிழைத்தவர்கள் செய்துகொண்ட மொழி.

சாப்பாட்டிலும் அப்படித்தான். தங்கசாலைத் தெருவில் ஜிலேபியும் கசோரியும் கிடைப்பதில் ஆச்சரியமில்லை. முறுக்கு சாண்ட்விச்தான் ஆச்சரியம். உள்ளங்கையில் அடங்கும் தட்டையான முறுக்கு, அதன் மேல் பச்சைச் சட்னி, வட்டமாகச் சீவிய வெள்ளரி, தக்காளி, வெங்காயம், ஒரு சிட்டிகை மசாலா, மேலே இன்னொரு முறுக்கு. ஒரே வாயில் போடாவிட்டால் சட்டை பாழ். வடக்கத்தி சாண்ட்விச் கடைக்காரர் ரொட்டிக்குப் பதிலாக நம் முறுக்கை எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

செகண்ட் லைன் பீச் தெருவில் அத்தோ என்கிற பர்மிய நூடுல்ஸ். பர்மாவில் 1962-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. தொடர்ந்து கடைகளும் தொழில்களும் அரசுடைமை ஆயின. அங்கே தலைமுறைகளாக இருந்த தமிழர்கள் இலட்சக்கணக்கான இந்தியர்களோடு சேர்ந்து கிட்டத்தட்ட வெறுங்கையோடு கப்பல் ஏறினார்கள். அப்படி வந்து இறங்கியவர்களின் பிழைப்புக்காகத்தான் 1969-இல் துறைமுகத்துக்கு எதிரே பர்மா பஜார் வந்தது. பெரும் கடை வைத்திருந்தவர்கள் நடைபாதையில் பெட்டிக்கடை போட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். நூடுல்ஸில் முட்டைக்கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், வறுத்த பூண்டு எண்ணெய் எல்லாம் விட்டு, பேஜோ என்கிற மொறுமொறு வறுவலை நொறுக்கிப் போட்டுக் கையாலேயே பிசைந்து தருவார்கள். கூட ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப். பர்மாவில் மீன் போட்டுச் செய்கிற மொய்ங்கா என்ற சூப்பை இங்கே சைவமாக்கிக்கொண்டார்கள். கடையில் நிற்கிற இளைஞர்கள் ரங்கூனைப் பார்த்ததில்லை. சாப்பாட்டின் பெயர் மட்டும் பர்மிய மொழியிலேயே இருக்கிறது.

மேலே கோடவுன், கீழே நடைபாதை

பெருமைப்படுவதோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனமில்லை. இந்த ஊரின் வரவு செலவு யாருடைய தோளில் நடக்கிறதோ, அவர்களுக்கு இங்கே கதவு இல்லை. பிராட்வேயிலும் என்.எஸ்.சி. போஸ் சாலையிலும் தலைமுறை தலைமுறையாக நடைபாதையிலேயே வாழ்கிற குடும்பங்கள் இருக்கின்றன. அங்கேயே பிறந்து, பள்ளிக்கூடம் போய், கல்யாணம் செய்து, பிள்ளை பெற்றவர்கள். பூ கட்டுகிறார்கள், மூட்டை தூக்குகிறார்கள், மார்க்கெட்டைக் கூட்டுகிறார்கள். கடை மூடிய பிறகுதான் அவர்கள் பாயை விரிக்க முடியும், கடை திறப்பதற்குள் சுருட்டிவிட வேண்டும். இவர்களை ஊரைவிட்டு வெகுதூரத்தில் கட்டிய குடியிருப்புக்கு அனுப்புவது தீர்வு ஆகாது. விடியற்காலை மூன்று மணிக்குப் பூ மூட்டை இறங்கும் இடத்துக்கு யார் எப்படி வந்து சேர்வார்கள்? இங்கேயே, நடந்து போகும் தூரத்தில் வீடு வேண்டும் என்று அவர்கள் கேட்பது நியாயம்.

வீடு தனி என்றேனே, அதன் கசப்பும் இதுதான். கடன் கொடுக்கப் பார்க்காத சாதியையும் சாப்பாட்டையும் வாடகைக்கு வீடு கொடுக்கும்போது பார்க்கிறார்கள். 1707-இன் எல்லைக்கல் தெருவிலிருந்து போய்விட்டது, மாடிப்படியில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

ஊரும் மாறிக்கொண்டிருக்கிறது. கொத்தவால்சாவடி காய்கறிச் சந்தை 1996-இல் கோயம்பேட்டுக்குப் போனது, வெளியூர்ப் பேருந்துகள் 2002-இல் போயின. 2019-இல் மண்ணடிக்கும் உயர் நீதிமன்றத்துக்கும் சுரங்க மெட்ரோ நிலையங்கள் வந்தன. குறுகிய முகப்பும் நீண்ட உடலுமாக, திண்ணை, முற்றம், பின்கட்டு என்று இருந்த வீடுகளில் கீழே கடை, மேலே குடும்பம் என்பது பழைய ஏற்பாடு. வசதி வந்த குடும்பங்கள் வேப்பேரி, கீழ்ப்பாக்கம் பக்கம் போக, மேல்மாடி கோடவுன் ஆகிவிட்டது. முற்றத்துக்குக் கூரை போட்டுச் சரக்கு அடுக்குகிறார்கள். பகலில் ஆயிரக்கணக்கில் ஆட்கள் வந்துபோகிற தெருவில் இரவு விளக்கு எரியும் ஜன்னல்கள் வருடத்துக்கு வருடம் குறைகின்றன. மக்கள் வாழாத வியாபாரத் தெரு எவ்வளவு காலத்துக்கு இப்படிக் கலகலவென்று இருக்கும் என்பது என் கவலை.

ஆனாலும் புதிதாக வருகிறவர்கள் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். போன மாதம் ஒரு சாயங்காலம் கோடவுன் தெருவில் லாரி புக்கிங் ஆபீஸுக்கு வெளியே நின்றிருந்தேன். மீன்பாடி வண்டியிலிருந்து துணிக்கட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தார் ஒரு பெரியவர். சீட்டில் குறித்துக்கொண்டிருந்த பையனுக்குப் பதினெட்டு, பத்தொன்பது வயது இருக்கலாம், பீகார்ப் பக்கம் என்றான். பெரியவர் ஒவ்வொரு கட்டையும் போடும்போது சத்தமாக எண்ணினார். பையன் கூடவே திருப்பிச் சொன்னான். பத்து வரை சரியாக வந்தது. அதற்கு அப்புறம் 'பதினொண்ணு' அவன் வாயில் வரவில்லை. பெரியவர் கட்டைத் தோளிலேயே வைத்துக்கொண்டு நின்றார். "சொல்லு நைனா, அப்பதான் இறக்குவேன்" என்றார். மூன்றாவது தடவையில் வந்துவிட்டது. அடுத்த கட்டுக்குப் பெரியவர், "பாரா" என்று இந்தியில் எண்ணினார்.